வலிப்பு நோய்: சாவிக்கொத்தும் சரியான மருந்தும்

மனிதன் நிலவில் காலடி வைத்த ஆண்டு 1969. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் உருண்டோடிவிட்டது. எனினும், உதகை சேரிங்கிராசிலோ குன்னூர்ப் பேருந்து நிலையத்திலோ ஒருவர் வலிப்புக் கண்டு வீழ்ந்தால், சுற்றி நிற்போர் முதலில் கேட்பது என்ன? "யாரிடமாவது சாவிக்கொத்து இருக்கிறதா?" என்பதுதான். சாவி வருகிறது, விழுந்தவரின் கையில் திணிக்கப்படுகிறது, இரண்டு நிமிடங்களில் வலிப்பு நிற்கிறது. "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் நின்றுவிட்டது!" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலைகிறது.

சாவி கிடைக்காமல் போயிருந்தாலும் அதே இரண்டு நிமிடங்களில் வலிப்பு நின்றிருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கும் இயல்புடையவை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்நோயைப் பற்றி நம்மிடையே வழங்கும் தவறான எண்ணங்களில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும். தானே நிற்கின்ற ஒன்றை, அந்நேரத்தில் எது கையில் இருந்ததோ அது நிறுத்தியதாகத் தோன்றுகிறது. சாவிக்கும், வேப்பிலைக்கும், மந்திரித்த கயிற்றுக்கும் புகழ் வந்தது இவ்வாறுதான்.

ஆனால், வலிப்பு நிற்பது வேறு. வலிப்பு நோய் தீர்வது வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் நம்முடைய பொறுமை போதும். பின்னதற்கு முறையான மருத்துவம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் எத்தனையோ குடும்பங்கள் சாவியோடு நின்றுவிடுகின்றன. மருத்துவரிடம் போய்ச் சேருவதில்லை. இம்மயக்கத்தைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் தொடங்கிய குழப்பம்

இந்நோயைக் 'காக்காய் வலிப்பு' என்று சொல்கிறோம். காக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. காலும் கையும் இழுத்துக்கொள்வதால் 'கால் கை வலிப்பு' என வழங்கிய சொல்லே பேச்சு வழக்கில் மருவிக் காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். பெயர் மருவியதோடு நிற்கவில்லை. அதைச் சுற்றிக் கதைகளும் வளர்ந்தன.

பழந்தமிழில் இதற்கு 'முயலகன்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆடவல்லானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் உருவத்தின் பெயரும் அதுவே. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய் கண்டதையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் அதை நீக்கியதையும் பெரிய புராணம் கூறுகிறது. வடமொழி மருத்துவ நூல்கள் இதை 'அபஸ்மாரம்' என்றன. நினைவு நீங்குதல் என்பது அதன் பொருள். மேலை நாட்டாரும் இந்நோயைத் தெய்வக் குற்றமாகவே கருதினர். ஆயின், கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, இந்நோய் மற்ற நோய்களைப் போன்றதே, இதன் இருப்பிடம் மூளையே என்று எடுத்துரைத்தது. அன்று சொன்ன அவ்வுண்மை நம் தெருமுனைவரை இன்னும் வந்து சேரவில்லை.

மூளையில் நடப்பது என்ன?

பைகாராவும் குந்தாவும் நம் மாவட்டத்தில் இருக்கையில், நீலகிரி மாணவர்க்கு மின்சாரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மின்நிலையத்திலிருந்து வரும் மின்னோட்டம் ஒழுங்காகப் பகிர்ந்தளிக்கப்பட்டால் ஊரெல்லாம் விளக்கு எரிகிறது. ஒரே கணத்தில் கட்டுக்கு அடங்காமல் பாய்ந்தால் விளக்குகள் மினுக்கி அணைகின்றன. மூளையிலும் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் திடீரென ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி மின்னை வெளிவிடும்போது உண்டாவதே வலிப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் மருத்துவர் இக்கருத்தை நிலைநாட்டினார். 1924இல் செருமானியரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைத் தாளில் பதித்துக் காட்டினார். இன்று மருத்துவமனைகளில் 'இ.இ.ஜி.' என்று எடுக்கப்படுவது அதன் வளர்ச்சியே.

வலிப்பு என்றாலே உடல் வெட்டி இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது என்று நாம் எண்ணுகிறோம். அது ஒரு வகை மட்டுமே. கோளாறு மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நிகழ்ந்தால், ஒரு கை மட்டும் துடிக்கலாம். இல்லாத வாசனை தெரியலாம். நினைவு மங்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கலாம். சில குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு நாளில் பலமுறை இது நேரக்கூடும். வகுப்பில் "எங்கே கவனம்?" என்று திட்டு வாங்கும் குழந்தைகளுள் சிலர் உண்மையில் மருத்துவரிடம் போகவேண்டியவர்கள். ஆசிரியப் பணியை நாடிச் செல்லவிருக்கும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஒருமுறை வலிப்பு வந்துவிட்டாலே வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாது. உலகில் பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வலிப்பு வரக்கூடும். கடுங்காய்ச்சலில் குழந்தைக்கும், நெடுநாள் குடித்துத் திடீரென நிறுத்தியவருக்கும் வலிப்பு வரலாம். இத்தகைய உடனடிக் காரணம் ஏதுமின்றி மீண்டும் மீண்டும் வலிப்பு வரும் இயல்பே வலிப்பு நோய் எனப்படுகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

எதனால் வருகிறது?

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, மரபணுக் கூறுகள் எனக் காரணங்கள் பல. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டறிய இயலுவதில்லை. ஆயினும் நம் பகுதி மக்கள் அறிந்திருக்க வேண்டிய காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, பன்றி நாடாப்புழு. இப்புழு குடலில் உள்ளவரின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் நீரிலும் மண்ணிலும் கலந்து, கழுவாத காய்கறி வழியாகவோ அழுக்குக் கை வழியாகவோ மற்றவர் வயிற்றுக்குள் போனால், அங்கிருந்து மூளைக்குச் சென்று சிறு கட்டியாகத் தங்கிவிடும். வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வு, அங்கு வலிப்பு நோயுற்றோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுக் கட்டியே காரணம் என்று காட்டியது. "நான் பன்றி இறைச்சியே உண்பதில்லையே!" என்று சைவர் நிம்மதி கொள்ள முடியாது. மூளைக்குப் போவது இறைச்சியில் இருந்து அல்ல, முட்டையில் இருந்து. தோட்டத்தில் பிடுங்கிய காரட்டை முழுக்கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கடிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. கழிப்பறையும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் இவ்வகை வலிப்பைத் தடுக்கும் மருந்துகளே.

இரண்டாவது, வெந்நீர் வலிப்பு. தலையில் மிகுந்த சூடான நீரை ஊற்றும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வருகிறது. உலகின் பிற பகுதிகளில் அரிதாகக் காணப்படும் இது, நமக்கு அண்டையிலுள்ள தெற்குக் கர்நாடகப் பகுதியில் மிகுதியாகப் பதிவாகியுள்ளது, தமிழகத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. நீலகிரியின் குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதே சுகம் என்பது உண்மைதான். ஆனால் குளியலறையில் ஒருவர் அடிக்கடி மயங்கி விழுந்தால், "குளியலறையில் காற்று கருப்பு இருக்கிறது" என்று கதவில் எலுமிச்சம்பழம் கட்டுவதால் பயனில்லை. நீரின் சூட்டைக் குறைக்க வேண்டும். தலையில் மொண்டு ஊற்றாமல் துணியால் நனைத்துத் துடைக்க வேண்டும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஐந்து தவறான எண்ணங்கள்

1. "இது பேய் பிடித்தல்." வலிப்பு முடிந்ததும் நோயாளி சிறிது நேரம் குழம்பிப் பிதற்றலாம், இருக்குமிடம் தெரியாமல் விழிக்கலாம். களைத்த மூளை தெளிவடைய எடுத்துக்கொள்ளும் நேரம் அது. வேறொன்றும் அவருள் புகுந்து பேசவில்லை. கோயிலுக்குச் செல்வது அவரவர் நம்பிக்கை. அதற்காக மாத்திரையை நிறுத்துவதுதான் கேடு.

2. "இது ஒட்டிக்கொள்ளும், நுரையைத் தொட்டால் வரும்." நுரை என்பது விழுங்கப்படாத எச்சிலும் காற்றும் கலந்தது. நாக்கைக் கடித்திருந்தால் இரத்தமும் சேரும். வலிப்பு நோய் தொடுவதால் பரவுவதில்லை. தனித் தட்டும் தனிப் பாயும் வைப்பது நோயாளியின் மனத்தை முறிப்பதன்றி வேறில்லை.

3. "இது பைத்தியத்தின் தொடக்கம்; படிப்பு வராது." வலிப்பு நோய் மூளை நரம்பு பற்றிய நோய், பெரும்பாலோர் மற்றவரைப் போன்றே அறிவாற்றல் உடையவர்கள். உருசிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி இந்நோயுடனேயே தம் பெரும் படைப்புகளைத் தந்தார். பாய்ந்து பந்தைப் பிடிப்பதில் இணையற்றவர் எனப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸும் இந்நோய் உடையவரே.

4. "பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும்." சில வகைகளில் மரபின் பங்கு உண்டு. ஆயினும் வலிப்பு நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

5. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்." இவ்வெண்ணத்தால் விளையும் துன்பம் மிகப் பெரிது, அதனைத் தனியே காண்போம்.

திருமணமும் சட்டமும்

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மணமக்களுள் எவருக்கும் மீண்டும் மீண்டும் வரும் சித்தப் பிரமையோ வலிப்போ இருத்தலாகாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. மருத்துவ அறிவியல் வலிப்பையும் சித்தப் பிரமையையும் எப்போதோ வேறு வேறாகப் பிரித்துவிட்ட போதிலும், சட்டம் இரண்டையும் ஒரே வரியில் நிறுத்தியது. நரம்பியல் மருத்துவர்களும் நோயாளர் நலனுக்கு உழைத்தோரும் இதனை எதிர்த்துவந்தனர். 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 'வலிப்பு' என்னும் சொல்லை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும், 1954ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கியது. இன்று வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டத் தடை அன்று.

சட்டம் மாறிவிட்டது, சமுதாயம் மாறிற்றா? பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று தெரிந்தால் வரன் அமையாது என அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். மணமாகிச் சென்ற பெண், புகுந்த வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று மாத்திரையை ஒளிக்கிறாள். ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். மருந்து நின்ற சில நாட்களில், உறக்கமும் குறைந்த நிலையில், வலிப்பு வருகிறது. அது அடுப்பங்கரையில் வந்தால்? "ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்று அவள் தாய் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். நோயால் வந்த துன்பம் இதில் எவ்வளவு? மறைத்ததால் வந்த துன்பம் எவ்வளவு? மறைக்க வேண்டிய நிலையில் அவளை வைத்த நம்முடைய பங்கு எவ்வளவு? ஆண்களும் மறைக்கின்றனர்; ஆனால் தண்டனை பெரும்பாலும் பெண்ணுக்கே கிடைக்கிறது.

வலிப்பு நோயுள்ள பெண்கள் மணம் புரியலாம், மக்களையும் பெறலாம். பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே ஈன்றெடுக்கின்றனர். ஆனால் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது இன்றியமையாதது. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், மருத்துவர் முன்கூட்டியே மருந்தை மாற்றியமைப்பார். இந்த ஆலோசனைக்கும் முதல் தேவை, நோயை ஒளிக்காமல் சொல்லும் துணிவே.

மலையில் வாழ்வோர் கவனத்திற்கு

சமவெளியில் வலிப்பு வந்து விழுந்தால் தரையில் விழுவார். இங்கோ சரிவில் விழுவார். கொழுந்து பறிக்கும் சரிவும், கவாத்துக் கத்தியும், சில்வர் ஓக் மரத்தின் உச்சியும், தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் உருளைகளும், லைன் வீட்டின் விறகடுப்பும், குளிருக்கு மூட்டிய கணப்பும் வலிப்பு நோயாளிக்கு ஆபத்தான இடங்கள். வேலையே கூடாது என்பதல்ல இதன் பொருள். வலிப்பு கட்டுப்படும்வரை, மரமேறுவதற்கும் இயந்திரத்துக்கும் அனுப்பாமல், சமமான இடத்தில் துணையோடு செய்யும் வேலையைத் தரலாம். மேஸ்திரிக்கு நோய் தெரிந்திருந்தால்தான் இது இயலும். தெரிந்ததும் "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். கத்தியோடு சரிவிலேயே நிற்பார்.

வீட்டில் கணப்புக்கும் அடுப்புக்கும் தடுப்பு வைத்தல், குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதிருத்தல், ஓடையில் தனியே குளிக்காதிருத்தல் ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள். வாகனம் ஓட்டுவதிலோ சமரசத்துக்கு இடமில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழியிலேயே வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. கல்லட்டிக் கொண்டை ஊசி வளைவில் ஒரு நொடி நினைவு தப்பினால் போவது ஓர் உயிர் மட்டுமன்று.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். வலிப்பைத் தூண்டுவனவற்றுள் முக்கியமானது உறக்கமின்மை. தேர்வுக்கு முன் இரவெல்லாம் விழித்துப் படிப்பது மற்றவர்க்கு வெறும் களைப்பு. வலிப்பு நோயுள்ள தோழனுக்கு அது ஆபத்து. அவனை விடுதியில் விழித்திருக்க வற்புறுத்தாதீர்கள்.

கண்ணெதிரே ஒருவர் விழுந்தால்

சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைக் குறிப்பதே முதல் வேலை. அருகிலுள்ள கூரிய பொருள், நெருப்பு ஆகியவற்றை அகற்றுங்கள். தலைக்கடியில் ஸ்வெட்டரையோ சால்வையையோ மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டியையும் மப்ளரையும் தளர்த்துங்கள். உடலை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும், மூச்சு அடைக்காது.

கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், எலும்பு முறியலாம். பற்களுக்கிடையே கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். பல் உடையும், அல்லது விரல் போகும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது பொய். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா, காப்பி எதுவும் புகட்டாதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். விழித்ததும் அவர் காணும் முதல் முகம் அன்பான முகமாக இருக்கட்டும்.

ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நீரில் விழுந்திருந்தாலோ, கருவுற்ற பெண்ணாயினோ, முதன்முறை வந்த வலிப்பாயினோ உடனே 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் ஊர்தி வந்து சேர நேரமாகும்; ஆகவே ஐந்தாம் நிமிடத்துக்கு மேல் காத்திருத்தல் கூடாது.

மருந்து உண்டு

1857இல் புரோமைடு, 1912இல் ஃபீனோபார்பிடோன், 1938இல் ஃபெனிடாயின் என வலிப்பு மருந்துகளின் வரலாறு நீண்டது. இன்று இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன. முறையாக நோயறிந்து மருந்துண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை மருத்துவமும் கைகொடுக்கிறது.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஆகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய சாமராஜநகர் மாவட்டத்து எளந்தூரில், பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் உடன் பணியாற்றியோரும் நாட்டுப்புற மக்களிடையே ஓர் ஆய்வு நடத்தினர். விலை குறைந்த ஃபீனோபார்பிடோன், ஃபெனிடாயின் ஆகிய பழைய மருந்துகளைக் கொண்டே கிராமத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் என்பதை அவர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். நம் மலையில் தொடக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். அங்கிருந்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோவைக்கோ செல்லலாம்.

வேண்டியது ஒழுங்கு ஒன்றே. "ஆறு மாதமாக வரவில்லையே" என்று தானாக மருந்தை நிறுத்துவதுதான் மீண்டும் வலிப்பு வருவதற்கு நேர் வழி. சில வேளை அது உயிருக்கே ஆபத்தாக முடியும். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலிப்பு வராதிருந்தால், மருத்துவரே பார்த்துச் சிலருக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதன்று. ஆகவே பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

1907இல் குன்னூரில் பாஸ்டர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு வேர் கட்டுவதும் மந்திரிப்பதும் தவிர வேறறியாத தென்னாட்டு மக்கள், தடுப்பு மருந்தை நாடி இம்மலைக்கு ஏறி வந்தனர். ஒரு நோயைப் பற்றிய அச்சம் நீங்கி அறிவின் பக்கம் மக்கள் திரும்பியதை இம்மலை முன்னரே கண்டிருக்கிறது. வலிப்பு நோய்க்கும் அது நிகழவேண்டும். அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 17ஆம் நாள் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றேனும் நம் ஹட்டியிலும் லைனிலும் தெருவிலும் ஒரு வீட்டுக்காவது இச்செய்தியைக் கொண்டுசெல்வோம்: சாவிக்கொத்து பூட்டைத் திறக்க மட்டுமே. நோயைச் சொல்லிக்கொள்ள முடியாமல் அடைபட்டிருப்போரின் வாயைத் திறக்க, நம் பரிவு வேண்டும்.